பூண்டுக்கு அடங்காத வாயுவும் எங்கள் டாக்டரம்மாவும்

செய்தி வந்தபோது என் கையில் ஒருவருடைய முழங்கால் இருந்தது. தூத்துக்குடி முத்தையாபுரத்தில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவரின் வீடு. மூட்டு மாற்றும் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவர் முட்டியை மடக்கமாட்டேன் என்கிறார். மடக்காமல் போகமாட்டேன் என்று நான் நிற்கிறேன். தினமும் எங்களுக்குள் நடக்கும் சண்டைதான். அவருடைய மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அடுப்படியிலிருந்து வந்து, “ஏளா செல்வி, சுத்தியல் டாக்டரம்மா போயிட்டாவளாம்” என்றார்.

நான் பிடித்த முழங்காலை விடவில்லை. அன்றைய மடக்கை முடித்து, மெல்ல நீட்டி வைத்து, தலையணையை அணைகொடுத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்து அழுதேன். பாதியில் போட்டுவிட்டு அழுதிருந்தால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டியிருப்பார்.

டாக்டர் செசிலி மிராந்தாவை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கூடப் படித்தவர்கள் இருக்கிறீர்கள், ஆபரேஷன் தியேட்டரில் அவர் பக்கத்தில் நின்றவர்கள் இருக்கிறீர்கள், அவரை நம்பி மேசையில் படுத்து எழுந்து நடந்தவர்கள் இருக்கிறீர்கள். நான் அவரோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிசியோதெரபிஸ்ட். அவர் வெட்டிச் சேர்த்ததை அசைய வைப்பது என் பிழைப்பு. புகழ் அவருக்கு, நோயாளியிடம் வாங்கும் வசவு எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு இருபது வருடத்துக்கும் மேல் ஓட்டினோம். ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் ஒருமுறையாவது போனில் கூப்பிட்டு என்னோடு சண்டை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வெறும் புகழ்மாலையாக இதை எழுத என்னால் முடியாது. பெருமைப்படாமல் எழுதவும் முடியாது.

அவர் கடற்கரைக்காரர். அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணியை நடத்தியவர். நான் விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல் மண்ணில் பிறந்தவள், கடலைக் கண்டால் இன்றைக்கும் இரண்டு அடி தள்ளி நிற்பவள். “ஏளா கரிசக்காட்டுக்காரி, அலை ஒன்ன ஒன்னும் செய்யாது, இங்கன வா” என்று கடற்கரையில் நின்று என்னை ஊர் கேட்கக் கூப்பிடுவார். நான் போகமாட்டேன். அவர் எலும்பு மருத்துவம் படிக்கப் போன காலத்தில் அந்த வகுப்பில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்கப் போயேன் அம்மா, இந்த இழுக்கிற அடிக்கிற வேலை உனக்கு எதற்கு என்று வாத்தியார்களே சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். அந்த வாத்தியார் ஒருவருக்கே பிற்பாடு தோள் இறங்கியபோது, ஏற்றிவிட்டது தான்தான் என்று மறக்காமல் சேர்த்துச் சொல்வார்.

ஒருமுறை எட்டயபுரம் பக்கத்திலிருந்து பெரிய மீசை வைத்த ஒருவர் கால் ஒடிந்த தம்பியைக் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் சாதாரணச் சேலையில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த டாக்டரம்மாவை நிறுத்தி, “ஏம்மா, எலும்பு டாக்டரு எப்ப வருவாரு?” என்று கேட்டார். “இப்ப வந்துருவாரு அண்ணாச்சி, செத்த இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தியேட்டர் உடுப்பை மாட்டி, அதற்கு மேல் எக்ஸ்ரேக் கதிருக்குப் போடும் கனத்த ஈய அங்கியையும் கட்டிக்கொண்டு வெளியே வந்து, மீசைக்காரர் முன்னால் நின்று, “வந்துட்டாரு” என்றார். அந்த மனிதர் எழுந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே. பிறகு உள்ளே வேலை நடக்கும்போது கதவு வழியாக டொக் டொக் என்று சத்தம் கேட்க, “என்னம்மா, உள்ள தச்சு வேலையா நடக்கு?” என்று என்னிடம் பயந்துபோய்க் கேட்டார். ஆமாம், எலும்புக்கு ஆணி அடிக்கிறார்கள் என்றேன். சுத்தியல் டாக்டரம்மா என்ற பெயரை அவர்தான் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது என் சந்தேகம்.

வலி எங்கே என்று டாக்டரம்மா முதலில் கேட்கவே மாட்டார். “என்ன வேல பாக்கீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. வேலையின் பெயரைச் சொன்னால் போதாது, செய்துகாட்ட வேண்டும். உப்பளத்து அம்மா வெறுந்தரையில் உப்பு வாரிக் காட்டுவார். மீன் ஏலம் விடுகிறவர் அந்தச் சின்ன அறையில் கூவியே காட்டுவார். வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் உள்ளே ஏதோ நாடகம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு புரோட்டா மாஸ்டர் இல்லாத மாவை வீசிக் காட்டினார். அவருக்கு வலது கைக் கட்டைவிரல் தூக்க வரவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டில் சின்ன விரிசல். கட்டுப் போட்டு ஆறியும்விட்டது. பிறகு ஒருநாள் மாவை அடித்துக்கொண்டிருக்கும்போதே வலி ஒன்றும் இல்லாமல் விரல் தொங்கிவிட்டது. பக்கவாதம் என்று கடையில் சொன்னார்கள், எதிர்க்கடைக்காரன் வைத்த செய்வினை என்று வீட்டில் சொன்னார்கள். மாஸ்டர் இரண்டையும் பாதிப் பாதி நம்பிக்கொண்டு வந்திருந்தார். கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண், ஆறிய எலும்பின் சொரசொரப்பில் உரசி உரசி அறுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அடிக்கடி காணக் கிடைக்காத கோளாறு. நைந்துபோன நுனிகளை இழுத்துத் தைக்கவும் முடியாது. “சுட்டுவெரலத் தூக்க ரெண்டு நாண் இருக்கு மாஸ்டர். அதுக்கு ஒன்னு போதும். இன்னொன்ன எடுத்துக் கட்டவெரலுக்கு மாத்தி வைக்கேன்” என்றார். வைத்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு என் பாடு. மாஸ்டர் சுட்டுவிரலைத் தூக்க நினைத்தால்தான் கட்டைவிரல் எழும்பும். “அக்கா, ஒன்ன நெனைச்சா இன்னொன்னு தூக்குதே!” என்று முதல் நாள் அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து நர்ஸ் ஓடிவந்தார். போகப் போகப் பழகிவிட்டது. இன்றைக்கும் என்னைக் கடைவீதியில் கண்டால் வணக்கம் சொல்வதற்குப் பதில் கட்டைவிரலைத்தான் தூக்கிக் காட்டுகிறார்.

இப்போது மிக்கேலுக்கு வருகிறேன். அவனைப் பற்றிச் சொல்லாமல் டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னதாகாது.

மிக்கேல் சங்கு எடுக்க முங்குகிறவன். முத்துக் குளித்த காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார்கள். இவர்கள் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். வெகுநேரம் அடியில் இருக்கலாம், நிறையச் சங்கு பொறுக்கலாம். வரும்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இடது காலை இழுத்துக்கொண்டு, அம்மா லூர்தம்மாளின் தோளைப் பிடித்தபடி அறைக்குள் வந்து உட்கார்ந்து, “இடுப்புல வாயு புடிச்சிருக்கு டாக்டரம்மா” என்றான்.

இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். முதுகு பிடித்தால் வாயு, தோள் பிடித்தால் வாயு, நெஞ்சு அடைத்தாலும் வாயு. பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிப்பார்கள், பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள், அதற்கும் கேட்காவிட்டால்தான் எங்களிடம் வருவார்கள். லூர்தம்மாளும் பல மாதமாக மகனுக்குப் பூண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்; அவன் அறைக்குள் வருமுன்னே அந்த வாசனை வந்துவிட்டது. நடுவில் எங்கோ ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், வெறும் வாயுதானே என்று மிக்கேலும் விடாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா வழக்கம்போல வேலையைக் கேட்டார். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று கேட்டார். “மேல எப்படி வருவே? செஞ்சு காட்டு” என்றார்.

“எப்படின்னா? சங்குப் பைய மேல அனுப்பிட்டு, ஒரே எத்து. வந்துருவேன்” என்று மிக்கேல் நல்ல காலை உதைத்துக் காட்டினான்.

“வலி எப்ப ஆரம்பிச்சிச்சு?”

“முந்தில்லாம் கடல்லருந்து வந்த சாயங்காலம் மூட்டு மூட்டா வலிக்கும் டாக்டரம்மா. மறுநா முங்குனா போயிரும். இப்ப முங்குனாலும் போவ மாட்டக்கு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். பிறகு, “வாயுதாம்லே” என்றார்.

“நாந்தான் அப்பமே சொன்னம்லா!” என்று லூர்தம்மாள் மகன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“வாயுதான் லூர்து. ஆனா பூண்டுக்கு அடங்குத வாயு இல்ல.”

ஆளனுப்பி இரண்டு பாட்டில் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் தாகத்துக்கு என்று நினைத்தேன். ஒரு பாட்டிலை ஒரே திருகில் திறந்தார். அது பொங்கி மேசையிலிருந்த காகிதம் எல்லாம் நனைந்தது. இன்னொன்றைத் துளித்துளியாகத் திறந்தார். சீறிச் சீறி அடங்கியதே தவிரப் பொங்கவில்லை. “ஆழத்துல நீ இழுக்க காத்து ரத்தத்துல கரைஞ்சு கெடக்கும், இந்த சோடால வாயு கெடக்க மாதிரி. ஒரே எத்துல மேல வந்தா மொத பாட்டில் மாதிரி பொங்கிரும். மெல்ல வந்தா பொங்காது. பொங்குன குமிழி, எலும்புக்கு ரத்தம் கொண்டுபோற சின்னச் சின்னக் குழாய்ல போயி அடைச்சிருக்கு. ரத்தம் இல்லாம இடுப்புக்குள்ள எலும்பு செத்துட்டு வருது. எக்ஸ்ரேல இது சீக்கிரம் தெரியாது” என்றார்.

பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படம் அவர் சொன்னதையே சொன்னது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஒரு பந்து. மிக்கேலின் பந்துக்குள் ஒரு பகுதி இறந்திருந்தது. வெளி ஓடு மட்டும் இன்னும் அமுங்காமல் உருண்டையாக நின்றது. அந்த ஓடு அமுங்கினால் மூட்டு போய்விடும், செயற்கை மூட்டுதான் வைக்க வேண்டும். செயற்கை மூட்டு தேயக்கூடியது. அந்த வயதில் வைத்தால் பிற்பாடு கழற்றி மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு மாற்றலும் முந்தியதைவிடக் கடினம். டாக்டரம்மா கலந்து பேசிய பெரிய ஊர் நிபுணர் ஒருவர், காத்திருங்கள், எப்படியும் அமுங்கும், அமுங்கிய பிறகு மாற்றிவிடலாம் என்றாராம். போனை வைத்துவிட்டு என்னிடம், “இன்னும் விழல ஏளா. விழுமுன்ன முட்டுக் குடுப்போம்” என்றார். மிக்கேலிடம் பூசி மெழுகவில்லை. நிச்சயம் என்று சொல்லமாட்டேன், நான் செய்தபிறகும் அமுங்கலாம், செய்யாமல் விட்டால் அமுங்கும் என்று உடைத்துச் சொன்னார். மிக்கேல் அம்மாவைப் பார்த்தான். அம்மா தன் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார்.

அன்று நானும் தியேட்டருக்குள் நின்றேன். தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து எலும்புக்குள் ஒரு குகைபோல் துளைத்துக்கொண்டு, கழுத்து வழியாக மேலே ஏறி, பந்துக்குள் இறந்த இடத்தைப் போய்த் தொட வேண்டும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவனுடைய இடுப்புக் கூட்டின் விளிம்பிலிருந்து எடுத்த உயிருள்ள எலும்பை அங்கே கொண்டுபோய் அடைக்க வேண்டும். துளை ஓட்டுக்கு வெகு அருகில் போக வேண்டும், ஓட்டைத் தாண்டிவிடக் கூடாது. எல்லாம் எக்ஸ்ரேத் திரையைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை.  அன்று சுத்தியல் சத்தம்கூட யாரோ கதவைத் தயங்கித் தட்டுவதுபோலத்தான் கேட்டது. கடைசித் துண்டு எலும்பு உள்ளே போய் உட்கார்ந்ததும் நிமிர்ந்து, “இனி ஒம் பாடு ஏளா. கால ஊன்ற விட்டே, ஒன்னையும் சேத்து ஒடிச்சிருவேன்” என்றார்.

நட்ட எலும்பு உயிர் பிடித்து இறுகும்வரை அந்தக் காலில் உடம்புக் கனம் விழக் கூடாது. மாதக்கணக்கில் இரண்டு அக்குள்கட்டைகளும் ஒற்றைக் காலும்தான். மிக்கேல் சொன்னபடி கேட்டான். வம்பு வேறு திசையிலிருந்து வந்தது.

மாதா கோயில் திருநாள் நெருங்கிய சமயம். ஒருநாள் நான் அவன் வீட்டுக்குப் போனபோது லூர்தம்மாள் பழைய போர்வையை மடித்து மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்றேன். அவன் முட்டிக்கு என்றார். அறுவைக்குப் போன அன்று அவர் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்திருந்தார்: மகன் கோயில் வாசலிலிருந்து பீடம்வரைக்கும் முழங்காலாலேயே நடந்து வருவான் என்று. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. முட்டி போட்டு நடந்தால் உடம்பின் கனம் முழுக்க அந்த இடுப்பில்தான் இறங்கும். எல்லாம் பாழாகிவிடும் என்று கத்தினேன். “மாதாவுக்குக் குடுத்த வாக்க மாத்தச் சொல்லுதியா?” என்று அவரும் கத்தினார். கோயில் விஷயம் தெரியாத கரிசல்காட்டுக்காரி நான் என்ன பேசுவது? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

காரைத் தெருவை அடைத்துக் குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் என்றைக்குமே காரை நேராக நிறுத்தியதில்லை. திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். நோயாளியிடம் விசாரிப்பதுபோல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“லூர்து, நேர்ச்ச எப்படி வச்சே? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு.”

“எம்பிள்ள எந்திச்சு நடந்துட்டான்னா, ஒந் திருநாளுக்கு வாசல்லருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டு வருவான் தாயேன்னு.”

“எந்த வருசத் திருநாளுன்னு சொன்னியா?”

லூர்தம்மாள் யோசித்தார். “வருசம் சொல்லலியே.”

“அப்ப அடுத்த வருசம்.”

“அது மாதாவ ஏமாத்துதது மாதிரில்லா இருக்கு டாக்டரம்மா?”

“எந்திச்சு நடந்துட்டான்னாதான வருவான்னு சொன்னே? அவன் எங்கன நடக்கான்? கம்புல நிக்கான். நடக்குமுன்ன நேர்ச்ச குடுத்தா அதான் ஏமாத்து.”

லூர்தம்மாள் ஊசியைப் போர்வையிலேயே குத்தி வைத்துவிட்டார். மாதாவின் பக்கத்து வக்கீலாக யாராவது வந்திருந்தாலும் அந்த வழக்கில் தோற்றுத்தான் போயிருப்பார்கள்.

அடுத்த வருடம் திருநாளுக்கு முன்னால் எடுத்த படத்தைத் திரையில் மாட்டிவிட்டு, டாக்டரம்மா வாசல் காவலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர்வரை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க, எப்படி உருண்டையா இருக்கு!” பந்து அமுங்கவில்லை. இறந்த இடத்தில் எலும்பு நிறைந்திருந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு எது பந்து என்றே தெரிந்திருக்காது. ஆனாலும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. இருந்திருக்கவும் வேண்டாம் என்பேன். அந்தத் திருநாளில் மிக்கேல் கோயில் வாசலில் முட்டி போட்டபோது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இவரும் கூடவே குனிந்து நடந்தார். “இடுப்ப ஆட்டாத. மெல்ல. மெல்லலே” என்று வழி முழுக்க அதட்டல். அவன் பீடத்தைத் தொட்டதும், நடுக்கோயிலில் நின்று படபடவென்று கைதட்டிவிட்டார். சாமியார் திரும்பிப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. கடைசியில் லூர்தம்மாளும் தட்ட ஆரம்பித்தார், நானும் தட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல அறுவை, அவ்வளவுதான். ஆனால் மறுபடி கம்ப்ரசர் குழாயைக் கடித்தால் அடுத்த இடுப்பும் போய்விடும் என்பதால் முங்கவே கூடாது என்று தடை போட்டிருந்தார். “முங்காம நான் என்னத்தச் செய்ய டாக்டரம்மா? எனக்கு வேற என்ன தெரியும்?” என்று மிக்கேல் கேட்டான். டாக்டரம்மா அவனுடைய படகு முதலாளி யார், எங்கே பார்க்கலாம் என்று விசாரித்து எழுதிக்கொண்டார். 

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காரில் ஒரு பெட்டி சோடா. படகு முதலாளி ஒருவரும் சங்குக்காரர்கள் கொஞ்சம் பேரும் கூடியிருந்தார்கள். அங்கேயும் ஒரு பாட்டிலைப் பொங்கவிட்டார், ஒன்றை மெல்லத் திறந்தார். பிறகு முதலாளியிடம், “கீழ கெடக்கவனுக்கு நேரம் தெரியாது. மேல ஒருத்தன் கயித்தப் புடிச்சு, எவன் எப்ப ஏறணும், எங்கன நின்னு நின்னு ஏறணும்னு சொல்லணும். அதுக்கு இவன விட்டா ஆள் கெடையாது. பட்டவன்” என்று மிக்கேலைக் காட்டினார். முதலாளி மழுப்பிப் பார்த்தார். உங்கள் படகிலிருந்து அடுத்த இடுப்பு வந்தால் நானே வந்து உங்கள் வாசலில் உட்காருவேன் என்றார் டாக்டரம்மா. அவர் உட்காரக்கூடியவர்தான் என்பது முதலாளிக்குத் தெரியும்.

மிக்கேல் இன்றுவரை அந்த வேலையில் இருக்கிறான். ஒரே எத்தில் மேலே வருகிறவனை அவன் ஏசும் ஏச்சு கரைவரைக்கும் கேட்கும் என்கிறார்கள். முதலில் சிரித்த சங்குக்காரர்கள் அப்புறம் மற்றப் படகுகளிலும் கயிறு பிடிக்க ஆள் வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஓ.பி.யில் பூண்டு வாசனையோடு நொண்டி வருகிற இளவட்டங்கள் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. “சங்குக்காரன் ஒருத்தனையும் காணோம் ஏளா. எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டான் மிக்கேலு” என்று டாக்டரம்மா என்னிடம் புகார் சொல்வார். அந்தப் புகாரைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெளியூரில் ஒரு மருத்துவர் கூட்டத்தில், முங்குகிறவர்களுக்கு வரும் இந்த எலும்புச் சாவைப் பற்றிப் பேசிய ஒருவர், இதையெல்லாம் நாம் புத்தகத்தில்தான் பார்க்க முடியும் என்றாராம். பின்வரிசையிலிருந்து டாக்டரம்மா எழுந்து தன் படங்களைக் காட்டியிருக்கிறார். இதை எந்தப் பெரிய நிலையத்தில் செய்தீர்கள் என்று கேட்டார்களாம். “தூத்துக்குடில. வாங்க, மீன்கொழம்பு வச்சு, ஆளையும் நடக்கவிட்டுக் காட்டுதேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். இதை அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டேன், ஏனென்றால் எனக்கும் அது சலிக்கவில்லை.

கடைசியாகப் பேசியது போன வாரம். அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்றேன். நீ முட்டியைப் பார், நெஞ்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். எப்போதும்போல என் பேச்சை முடிக்கவிடவில்லை. மறுபடி கூப்பிட்டு மீதியைச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் பூ வைத்த வண்டி தயாராக நின்றது. பூசை முடிந்து பெட்டி வெளியே வந்தபோது சங்குக்காரர்கள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். கல்லறைத் தோட்டம்வரைக்கும் தோளில்தான் கொண்டுபோவோம் என்றார்கள். வீட்டாரும் சம்மதித்தார்கள். முதல் ஆளாக மிக்கேல் வந்து குனிந்தான்.

 கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டரம்மா அவனுக்குப் போட்ட ஆயுள் தடை. வீட்டில் அரிசி மூட்டையைக்கூட அவன் தொட்டதில்லை. அதைக் கண்காணிக்கிறவள் நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தேன்.

“வேண்டாம் மிக்கேலு. அவுக என்ன சொல்லிருக்காவ?”

“எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவக்கா. அவுகளத் தூக்கக் கூடாதுன்னு சொல்லலியே.”

 அழுகையை அடக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தது என் வேலை ஒன்றுதான், அதைச் செய்தேன். இடுப்பில் கோளாறு உள்ளவர்கள் கனத்தை நல்ல பக்கத்தில்தான் தூக்குவார்கள். அது தப்பு. கோளாறு இருக்கிற பக்கமே கனத்தை வைத்தால்தான் அந்த மூட்டுக்கு அழுத்தம் குறையும். கேட்க விசித்திரமாக இருக்கும், உடம்பின் கணக்கு அப்படி.

“பெட்டிக்கு வலது பக்கம் போ. இடது தோள்ல வையி” என்றேன்.

“வலிச்ச பக்கமாக்கா?”

“வலிச்ச பக்கந்தான்.”

அவன் மாறிப் போய் நின்று, இடது தோளைக் கொடுத்தான். பெட்டி எழும்பியது. எல்லாரும் செபம் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் போனேன். எனக்குச் செபமும் தெரியாது, பெட்டியைப் பார்க்கவும் மனம் இல்லை. அவன் நடையைப் பார்த்துக்கொண்டே போனேன். இடது கால் ஊன்றும்போது இடுப்பு சாய்கிறதா என்று பார்த்தேன். சாயவில்லை. தெருத் திருப்பத்தில் பார்த்தேன், மேட்டில் ஏறும்போது பார்த்தேன். கொஞ்சம்கூட நொண்டல் இல்லை.

டாக்டர் செசிலி மிராந்தாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நடைதான். அவர் செய்த வேலை, அவரையே தூக்கிக்கொண்டு, கோணாமல் நடந்து போனது.